காதை மறைத்த மல்லிகை

என்னங்க,

போனில் கேட்டால் மழுப்புவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். நம் ஷாமினியின் காது விஷயத்தை, படிப்புக்குப் பணம் கொடுக்கும் அந்த அறக்கட்டளைக்குச் சொன்னது நீங்கள்தானே?

காது கேளாத பிள்ளைகள் ஆங்கில வாய்மொழித் தேர்வுக்குப் போகாவிட்டாலும் கல்லூரி உபகாரச் சம்பளம் உண்டு என்று விதியை மாற்றிவிட்டார்களாம். சும்மா யார் கொடுப்பார்கள்? நாளைக்குப் பத்திரிகையில் இவள் படத்தைப் போடுவார்கள். பிறகு பெண் கேட்டு எவன் வருவான்?

ஞாயிற்றுக்கிழமை அறக்கட்டளையிலிருந்து ஒரு டீச்சர் பாயான் பாருவில் நம் வீட்டுக்கே வந்துவிட்டார். காது மெஷின் தெரியாதபடி ஷாமினிக்கு மல்லிகைச் சரத்தைத் தொங்கவிட்டேன். டீச்சரின் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று நேர் எதிரில் உட்காரவைத்தேன்.

"எங்க பொண்ணுக்கு ஒரு கொறையும் இல்லீங்க டீச்சர். யாரோ தப்பா சொல்லியிருக்காங்க," என்றேன்.

ஷாமினி பூவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நான்தாம்மா சொன்னேன். விதிய மாத்துங்கன்னு என் கூட்டாளிங்களோட போய்க் கேட்டதும் நான்தான்."

இதை நான் நம்ப வேண்டுமா? சிங்கப்பூரிலிருந்து நீங்கள் சொல்லிக்கொடுக்காமல் அவளுக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது?

உபகாரச் சம்பளம் அவளுக்குக் கிடைத்துவிட்டது. தைப்பூசத்துக்குக் கட்டாயம் வாருங்கள். அவளிடம் நீங்கள்தான் பேசவேண்டும். அன்றிலிருந்து நான் வாய் திறந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். என் வாயைப் பார்க்காவிட்டால் நான் சொல்வது அவளுக்கு எப்படிக் கேட்கும்?

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா