ரோமாபுரிப் படமும் உன் சான்றிதழும்

தோ பாயோ,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் டாரியஸுக்கு,

நீ கல்யாணத்துக்குக் கேட்ட ஞானஸ்நானச் சான்றிதழைக் கோயில் அலுவலகத்திலிருந்து வாங்கி வந்து பத்து நாளாகிறது. இன்னும் உனக்கு அனுப்பவில்லை. அங்கே தாமதம் என்று போனில் சொன்னேனே, அது பொய். மற்றபடி ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே சுகமாக இருக்கிறோம், மெல்பர்னில் நீயும் ஷெரிலும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்து லிஃப்ட் வரை தடியில்லாமல் நடக்கிறார். கடையில் தீபாவளிக் கூட்டம் ஓய்ந்து கிறிஸ்துமஸ் சேலைக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

போன வாரம் அப்பா உங்கள் ரோமாபுரிப் படத்தின் இரண்டாம் பாகத்துக்கு மூன்று டிக்கெட் எடுத்தார். முதல் பாகத்தை நீயும் அவரும் எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள், வாள்சண்டை போட்டு என் கெஜக்கோல் இரண்டை உடைத்தீர்கள். மூன்றாவது டிக்கெட் ஜெனிவீவ் ஆன்ட்டிக்கு, பாசிர் ரிஸிலிருந்து வந்தாள். இந்தப் பாகத்து நாயகன் ஒரு கப்பல் தச்சன் வளர்த்த பையன். பிறந்தது அரண்மனையில், உயிருக்கு ஆபத்து என்று தாய் குழந்தையிலேயே அனுப்பிவிட்டாள், அவனுக்கு ஒன்றும் தெரியாது. கைதியாக ரோமுக்கு வந்து கிடக்கும்போது அவள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, முதல் பாகத்தில் செத்துப்போன வீரன்தான் உன் அப்பன் என்கிறாள். அவன் அவளை வாய்க்கு வந்தபடி திட்டுகிறான். அந்த இடத்தில் ஜெனிவீவ் எழுந்து வெளியே போய்விட்டாள். பின்னாலேயே போனேன். சான்றிதழ் வந்ததை அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். பாப்கார்ன் விற்கும் இடத்தில் நின்றுகொண்டு, "அக்கா, பையன்கிட்ட எப்ப சொல்லப் போறீங்க? பேப்பரப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டான்னா என்னைத்தான்கா திட்டுவான்" என்று அழுதாள்.

அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். ஜெனிவீவ் உன் ஞானத்தாய் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தேன். கோயில் பதிவேட்டில் அது நேர்மாறாக இருக்கிறது. உன்னைப் பெற்றவள் அவள், ஞானத்தாய் நான். அப்போது அவளுக்கு இருபது வயது, என் கடையில் வேலை, கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். மூன்று வாரக் குழந்தையாக உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஏந்தி நின்றவள் நான். எங்களுக்குப் பிள்ளையில்லை. வளர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டவள் அவள்தான், நானாகப் பறிக்கவில்லை. சில மாதம் கழித்துக் கோர்ட்டில் முறைப்படி தத்தெடுத்தோம், பிறப்புச் சான்றிதழில் எங்கள் பெயர் வந்தது. கோயில் பதிவேட்டை மறந்தே போனேன். கல்யாணத்துக்குப் புதிதாக எடுத்த பிரதிதான் செல்லும் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. "சரக்கு பில்லுல ஒரு எழுத்து தப்புன்னாலும் பிடிக்கிற ஆளு, இதப் போய் விட்டுட்டியே லா" என்கிறார் அப்பா.

படத்தில் அப்பன் மாவீரனாகப் போனதால் அந்தப் பையனுக்கு வசதியாகிவிட்டது, கோபம் தணிந்து வாளை எடுத்துக்கொண்டான். உன் சான்றிதழில் தகப்பன் பெயர் இருக்கும் இடம் வெறுமையாக இருக்கிறது. கட்டடக் கம்பெனியில் வேலை பார்த்தவனாம், சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான். பெயர் வேண்டுமென்றால் ஜெனிவீவ் சொல்வாள். என்னை உறுத்தியது வேறு. அந்தக் கப்பல் தச்சனுக்குப் படம் முழுக்க இரண்டே காட்சி. உளி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தான், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், அப்புறம் ஆளையே காணோம். வீட்டுக்கு வரும்போது ரயிலில் அவன் பெயர் என்ன என்று அப்பாவிடம் கேட்டேன், அவருக்கும் ஞாபகமில்லை. சான்றிதழை அலமாரியில் பூட்டிவைத்தது எதற்குப் பயந்து என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது.

கோபம் வந்தால் என்னைத் திட்டு. பொய் சொன்னது நான். அவள் இருபத்தொன்பது வருஷம் உன் பிறந்தநாளுக்கெல்லாம் விருந்தாளியாக வந்து கேக் சாப்பிட்டுவிட்டுப் போனாள். ஷெரிலிடம் நீயே முதலில் சொல்லிவிடு, அங்குள்ள ஃபாதர் வாசித்து அவளுக்குத் தெரியக் கூடாது. வேலையைச் சாக்குச் சொல்லிச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மாதா உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

நேற்று ஜெனிவீவும் நானும் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்டது இது. சான்றிதழ் இந்தக் கடிதத்தோடு வருகிறது. நீயாகக் கூப்பிடும்வரை இரண்டு பேரும் உனக்குப் போன் செய்ய மாட்டோம். நீ என்ன கேட்டாலும் அவள் மறைக்காமல் சொல்வாள், நான் குறுக்கே பேச மாட்டேன். கல்யாணத்தன்று அவள் எங்கே உட்கார வேண்டும் என்பதை நீ சொல்ல வேண்டும். முதல் பெஞ்ச் என்றால் நான் நகர்ந்து இடம் விடுவேன், ஆனால் அந்தப் பெஞ்சைவிட்டு எழுந்திருக்க மாட்டேன்.

உன் அம்மா,
அந்தோனியம்மாள்