அம்மா குளிக்கும் ஒன்பது நிமிடம்

ஜூன் 9

பூகோள நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். பூகோள டீச்சரே முதல் நாலு பக்கத்துக்கு மேல் புரட்ட மாட்டார். பக்கத்து அறையில் அப்பாவின் குறட்டை. அது நின்றால் பேனாவும் நிற்கும்.

அக்கா போய் இன்றோடு நான்கு மாதம். வேலையை விடு என்றார் அப்பா. அக்கா வீட்டை விட்டாள். "அவ பேரு இனிமே இந்த வீட்ல கேக்கக் கூடாது" என்றார். கேட்கவில்லை. அவள் போனை அன்றே சுவரில் அடித்து உடைத்தார். புது நம்பர் எங்களுக்குத் தெரியாது. அவளும் கூப்பிட முடியாது. ஞாயிறுதோறும் அப்பா அம்மாவின் போனை வாங்கி யார் யார் கூப்பிட்டார்கள், அதில் என்னென்ன பார்த்தோம் என்று ஒன்று விடாமல் பார்ப்பார்.

ஜூன் 11

அம்மா குளிக்க இரண்டு வாளி, ஒன்பது நிமிடம். எண்ணி வைத்திருக்கிறேன். அதுவரை அவள் போன் என்னுடையது.

யூடியூபில் அக்காவின் பாட்டைக் கண்டுபிடித்துவிட்டேன்! எனக்குத் தலை பின்னும்போது தினமும் போடுவாளே, அதுதான். வீடியோ என்று எதுவும் இல்லை, ஒரு பழைய கேசட் அட்டையின் படம் மட்டும். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வயலின் வரும். அது முடிவதற்குள் அக்கா பாடத் தொடங்கிவிடுவாள். "அக்கா, வயலின் முடியட்டும்!" என்று கத்துவேன். சீப்பால் மண்டையில் ஒன்று வைப்பாள்.

அவளும் எங்கேயோ இருந்து இதைக் கேட்கத்தானே செய்வாள்? கேட்டால் பாட்டுக்குக் கீழே ஆட்கள் எழுதியிருப்பதைப் படிக்கத்தானே செய்வாள்?

ஜூன் 12

எழுதிவிட்டேன். "வயலின் முடியறதுக்குள்ள பாட ஆரம்பிக்கிற ஒருத்தியைத் தேடறேன். இந்தப் பக்கம் வந்தா ஒரு வார்த்தை எழுது."

பிறகு, அந்தப் பாட்டைப் பார்த்த தடயத்தைப் போனிலிருந்து அழித்தேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன்.

ஜூன் 13

ஒன்றுமில்லை.

ஜூன் 15

ஞாயிறு. அப்பா கட்டிலில் சாய்ந்து போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னடி முழிக்கிற?" என்றார். "தண்ணி வேணுமாப்பா?" என்றேன். வேறென்ன சொல்வது.

மாட்டவில்லை.

ஜூன் 17

பதில் வந்திருக்கிறது! அக்கா இல்லை. யார் யாரோ.

"எங்க மாமியாரும் அப்படித்தான் முந்திக்கிட்டுப் பாடுவாங்க. வந்து கூட்டிட்டுப் போறீங்களா?" என்று ஒருவர்.

"பாட்டு கேக்க வந்தா இங்கயும் குடும்பப் பஞ்சாயத்தா?" இவருக்குச் சிடுமூஞ்சி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அதற்குக் கீழே ஒரு லாரி டிரைவர்: "பொண்ணைத் தேடறீங்களாம்மா? நான் வண்டி ஓட்டறப்ப இந்தப் பாட்டுதான் எனக்குத் துணை. வந்துடுவா, மனசை விட்டுடாதீங்க."

அம்மாவின் கணக்கு, அதில் ஒரு ரோஜாப்பூ படம். அதனால் என்னை அம்மா என்று நினைத்துக்கொண்டார்கள். ஒன்பதாம் வகுப்பு அம்மா! திருத்தவில்லை. நான்கு மாதத்தில் அக்காவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்ன முதல் ஆள் அவர்தான். அதை ஏன் கெடுக்க வேண்டும்?

ஜூன் 19

பெஞ்சில் நான் மட்டும். பக்கத்தில் உட்கார்ந்தவள் முன்பெஞ்சுக்குப் போய்விட்டாள். "எங்கம்மா உன்கூட சேர வேணாம்னுட்டாங்க. உங்கக்கா ஓடிப்போயிட்டாளாமே." ஓடவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெதுவாகத்தான் நடந்து போனாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

புதிது புதிதாக எழுதுகிறார்கள். நான் எழுதியது எங்கேயோ அடியில் போய்விட்டது. தேடிக் கண்டுபிடிக்கவே ஐந்து நிமிடம். அக்கா அவ்வளவு தூரம் தேடுவாளா?

ஜூன் 20

ஒரு நர்ஸ் எழுதியிருக்கிறார்: "அந்தம்மா எழுதினது கீழ போயிட்டிருக்கு. பதில் சேர்ந்தா மேல வருமாம். ஆளுக்கொண்ணு போடுங்கப்பா."

இருபத்து மூன்று பதில். ஒருவர் வெறும் புள்ளி வைத்திருக்கிறார். மாமியார்க்காரர் நாலு தடவை போட்டிருக்கிறார். சிடுமூஞ்சிகூட, "சரி சரி, மேலே போகட்டும்."

முகம் தெரியாத இவர்கள் எல்லாரும் சேர்ந்து தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். இங்கே என் பெஞ்சில் ஆளில்லை.

ஜூன் 22

ஞாயிறு. நேற்று அழித்தேன். சத்தியமாக அழித்தேன். இன்று காலை போனில், பார்த்தவற்றின் பட்டியலில் முதலிலேயே அந்தப் பாட்டு. அப்பா பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அவசர அவசரமாக அழித்தேன்.

நான் இல்லையென்றால் யார்?

ஜூன் 23

அம்மா குளிக்க இருபது நிமிடம் எடுத்துக்கொண்டாள். வெளியே வருவதற்கு முன்னால் சொம்பைத் தொப்பென்று கீழே போட்டாள். நேற்றும் போட்டாளோ?

"ஏம்மா இவ்ளோ நேரம்?"

"வெக்கைடி."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

ஏன் என்று எனக்குத் தெரியும். அந்த ரோஜாப்பூவின் பெயரில், நான் எழுதாத ஒரு வரி: "செவ்வாய்க்கிழமை அவருக்கு நைட் ஷிப்ட். கதவைத் தாழ் போட மாட்டேன்." லாரி டிரைவர் கீழே, "நல்லதும்மா" என்று போட்டிருக்கிறார்.

அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும்.

ஜூன் 24, செவ்வாய்

அம்மா மூன்று தட்டு எடுத்து வைத்தாள். நாங்கள் இரண்டு பேர்தான். ஒவ்வொரு தடவை மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டபோதும் அவள் குழம்புக் கரண்டி அப்படியே நின்றது. எல்லாச் சத்தமும் மேல்மாடிக்குப் போய்விட்டது.

பதினொரு மணிக்கு மூன்றாவது தட்டைக் கழுவினாள். அழுக்கே இல்லாத தட்டு. தாழ் போடவில்லை. நான் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜூன் 26

அறுபத்தொன்றாவது பதில். படமில்லாத, புத்தம்புதுக் கணக்கு. இரண்டே வார்த்தை.

"வயலின் முடியட்டும்."

அதற்குக் கீழே லாரி டிரைவர்: "புரியலையே தம்பி?"

ஈரத்தலையோடு அம்மா என் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. போனை மறைக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"நானும் காலைலயே பாத்தேன்" என்றாள் காதோரம். "அது என்னடி, வயலின்?"

சொன்னேன். தலை பின்னுவது, சீப்பு, என் கத்தல், எல்லாம்.

"அப்ப... இப்ப வர மாட்டேங்கிறாளா? பொறுக்கச் சொல்றாளா?"

"பொறுக்கத்தான் சொல்றா. ஆனா அவ என்னைக்கும்மா வயலின் முடியற வரைக்கும் பொறுத்திருக்கா?"

அம்மா போனை என் கையிலேயே விட்டுவிட்டுத் திரும்பக் குளியலறைக்குள் போனாள். குழாயைத் திறந்துவிட்டாள். வாளி நிறைந்து வழியும் சத்தம் கேட்டது. வெகுநேரம் மூடவில்லை.