கொதிக்காத சாயாவும் உன் ரோமர் நிருபமும்

என் பிரியமுள்ள அண்ணா,

ஆடி மாதக் கர்க்கடக மழையில் உன்னை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது மட்டாஞ்சேரியில் மாசி வெயில். வேதத்திலிருந்து நீ மொழிபெயர்த்த ரோமர் நிருபத்தை அச்சிடுவது பற்றி நேற்றுச் சபைக் கமிட்டி கூடியது. உன் வாரிசு என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சீ, என்ன ஒரு மணி நேரம் அது!

'ஸெயோ' என்ற அந்த ஒரு கிரேக்கச் சொல்லோடு எத்தனை மாதம் மல்லுக்கட்டினாய்! உற்சாகம் என்று எழுதி அடித்தாய். ஆர்வம், வைராக்கியம், எல்லாவற்றையும் அடித்தாய். ஒருநாள் சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தோம். சமோவர் பாய்லருக்குள் போட்டிருக்கும் காசு, தண்ணீர் கொதித்ததும் கடகடவென்று ஆடுமே, அதையே கேட்டுக்கொண்டிருந்தவன் சட்டென்று திரும்பினாய். "எழுதுடி எஸ்தரு, ஆவியிலே கொதியுங்கள்னு. அடுப்புல தண்ணி கொதிக்கிறதுக்குக் கிரேக்கன் சொல்ற அதே வார்த்தைதான் பவுல் சொன்னது." அன்றைக்கு உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கமிட்டித் தலைவர் உனக்குத் தெரிந்தவர்தான், மிளகுக் கிடங்கு முதலாளி. அவரிடம் மூட்டை தூக்குகிறவர்கள் கூலி உயர்வு கேட்டு இரண்டு வாரமாக வாசலில் கொடி பிடித்து நிற்கிறார்கள். "கொதிக்கணும்னு வேதத்திலயே இருக்குன்னு அவன்மாரு தொடங்கினா யாரு பதில் சொல்றது? உற்சாகம்னு மாத்திரலாம். தங்கச்சி ஒரு கையொப்பம் போட்டா மதி, அது போதும், அடுத்த மாசம் புஸ்தகம்" என்றார்.

போதகருக்குக் கிரேக்கம் தெரியும். நீ எழுதியதுதான் சரி என்று என் முன்னாலேயே உன்னிடம் சொன்னவர். அவரைப் பார்த்தேன். "உற்சாகமும் நல்ல வார்த்தைதானேம்மா" என்று மேசையைப் பார்த்துச் சொன்னார். முதலாளியாவது பயத்தில் பேசினார். இந்த மனுஷனுக்கு என்ன கேடு? தூ!

பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன், அண்ணா. உன்னிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? உன் பெயரை அச்சில் பார்க்க அவ்வளவு ஆசை எனக்கு. அதற்குள் சாயா வந்தது. முதலாளி ஒரு வாய் குடித்து, ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டு, கொண்டுவந்தவரிடம் கத்தினார்: "எந்தாடோ இது? தண்ணி கொதிச்சதா இல்லையா? வெதுவெதுன்னு இருக்கறத மனுஷன் குடிப்பானா?"

பேனாவை மூடினேன். "இதைத்தான் ஐயா எங்க அண்ணனும் எழுதியிருக்காரு" என்று சொல்லிவிட்டு, உன் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். போதகர் மட்டும் சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

இனிப் புத்தகம் வராது. நான்தான் கெடுத்தேன். கோபமா?

இன்று காலை நோட்டுப் புத்தகம் வாங்கினேன். முழுவதையும் என் கையாலேயே பிரதி எடுப்பேன், ஒரு சொல்லைக்கூட மாற்றமாட்டேன். முதல் பிரதி எங்கே போகும் தெரியுமா? அந்தக் கிடங்கு வாசலுக்கு. கொடி பிடித்து நிற்பவர்களில் நம் சபைக்காரர்கள் நாலு பேர் உண்டு. நானே நின்று வாசித்துக் காட்டுவேன்.

உன் சொல்லை ஆறவிடாத தங்கச்சி,
எஸ்தர்