முப்பாட்டனார் வாசித்த லூட்

அன்பு மகளுக்கு,

நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். வட்டவடையில் நல்ல குளிர். அம்மா நலம்.

நாம் சேர்ந்து பிரித்த பார்சலில் வந்த அந்த லூட் என்ற பழங்கால ஐரோப்பியத் தந்தி வாத்தியத்தைப் பற்றித்தான். விலை மலிவு என்று வாங்கினேன். இத்தனை வருடம் கிட்டார் பிடித்த கைக்கு அது அடங்கவில்லை. உருண்டை முதுகு மடியில் வழுக்கியது. இரட்டைத் தந்திகளில் ஒன்றுதான் ஒலித்தது. "கிட்டார் மாதிரி அமுக்காதீங்கப்பா," என்று நீ சிரித்தாய்.

அந்தச் சனிக்கிழமை நான் வாரா வாரம் வாசிக்கும் ரிசார்ட்டின் மேனேஜர் மைக்கில், "இது இவரோட முப்பாட்டனார் வாசிச்சது," என்றார். நான் தலையாட்டினேன். நீ எழுந்து வெளியே போனாய். மறுநாள் ஊருக்குக் கிளம்பி ஜீப்பில் ஏறும்போதும் என்னிடம் பேசவில்லை.

அடுத்த வாரமும் அவர் அதையே ஆரம்பித்தார். நான் மைக்கை வாங்கி, "இல்லங்க, இது போன மாசம் பார்சல்ல வந்துச்சு. இப்பத்தான் பழகுறேன்," என்றேன். சிலர் சிரித்தார்கள். பாதியில் சுருதி இறங்கியது. ஆனாலும் வாசித்து முடித்தேன். இனி கிட்டார் மட்டும் போதும் என்றுவிட்டார் மேனேஜர்.

இதோடு கடிதத்தை முடிக்கலாம் என்று பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

அன்று நீ வெளியே போன பிறகு ஒரு வயதான அம்மா மேடைக்கு வந்தார். லூட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எம் பேரனுக்கு இன்னும் பேச்சு வரல தம்பி. உங்க முப்பாட்டன் ஆசீர்வதிக்கணும்," என்றார்.

"அவர் ஆசி உண்டும்மா," என்றேன். அந்தப் பொய்யை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே அந்த அம்மாவின் குடும்பம் ரிசார்ட்டிலிருந்து கிளம்பிவிட்டது. எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது.

உன்
அப்பா