மாடிப்படியில் கேட்ட மூச்சு

ஆம்பூர்
வியாழக்கிழமை

அன்பு மகன் தன்சீல் அகமதுக்கு அம்மியின் அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உன்னை நல்லபடி வைத்திருக்கிறானா என்று உன் வாயால் இல்லாமல் டாக்டர் வாயால் கேட்க வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம். இங்கே எல்லாரும் நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. போனில் சொன்னால் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுகிறாய். நம் பக்கத்துத் தெரு சமீருல்லா ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறி உன் அடிஸ் அபாபா தோல் டேனரிக்கே வேலைக்கு வருகிறான், அவன் கையில் கொடுக்கிறேன், முழுதும் படி.

போன வெள்ளிக்கிழமை என்னோடு பேசிக்கொண்டே போனைச் சட்டைப் பையில் போட்டு மாடி ஏறினாய். எனக்கு உன் முகம் தெரியவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. இரண்டு இடத்தில் நின்றாய். அது உன் மூச்சு இல்லைடா, உன் அப்பாவின் மூச்சு. கேட்டதற்கு இது மேட்டு ஊரு அம்மி, இங்க எல்லாருக்கும் வாங்கும் என்றாய். அவரும் அப்படித்தான், டேனரில மூச்சு வாங்காதவன் எவன்டி, சுண்ணாம்புத் தொட்டிகிட்ட வந்து நின்னு பாரு என்பார். கொரோனாவில் அவர், நீ, நான் மூன்று பேரும் ஒரே வாரத்தில் படுத்தோமே, அவருக்குச் சுகர் அதற்கப்புறம் வந்ததுதான். கொரோனா மருந்தால வந்த சுகர், தானா பூடும் என்று பாதி மாத்திரையைத் தின்னாமலே விட்டார். அந்த அட்டை இன்னும் அலமாரியில் கிடக்கிறது, தூக்கிப்போட மனசு வரவில்லை. கடைசி நாள் தோல் இறக்கும்போது நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தவருக்கு வாயு என்று சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். சோடா பாட்டில் பாதிகூடக் காலியாகவில்லையாம். நீ ஓடி வந்தும் மண் போட்ட பிறகுதான் வந்து சேர்ந்தாய்.

உன்னிடம் மறைத்த ஒன்றும் இருக்கிறது. எனக்கும் ஒரு மாசமாகப் படபடப்பு, ராத்திரியில் தண்ணீர்த் தாகம். புருஷனை இழந்தவள் நாலு மாசம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது, இத்தாவில் இருக்கிறேன் என்று லுப்னாவிடம் சொல்லித் தட்டிக் கழித்தேன். உன் தங்கச்சி விடுவாளா, பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கே போன் போட்டாள். வைத்தியத்துக்குப் போக இத்தா குறுக்க நிக்காதும்மா, பர்தா போட்டுக்கினு போயிட்டு வாங்க என்று அவர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டும் உன் முனவ்வர் அத்தை, என் தம்பி போய் ரெண்டு மாசம் ஆவல, இவளுக்கு ஆட்டோ சவாரி கேக்குது என்றாள். எனக்கு அழுகை வந்தது, ஆனால் உண்மையைச் சொல்கிறேன், என்னைத் தடுத்தது இத்தாவும் இல்லை, அத்தையும் இல்லை. போய்ப் பார்த்தால் இருக்கு என்று சொல்லிவிடுவார்களே என்ற பயம். அவருக்கு டேனரி, உனக்கு மேட்டு ஊர், எனக்கு இத்தா.

நேற்று போனேன். சுகர் முன்னூற்றுப் பன்னிரண்டு. ஈசிஜியில் ஏதோ கோடு சரியில்லையாம். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார், கொரோனா சில பேருக்குச் சளி காய்ச்சலோடு போய்விடாது, இதயத்தையும் ரத்தக் குழாயையும் தொட்டுவிட்டுப் போகும், இல்லாத சுகரைக்கூடக் கொண்டுவரும், எல்லாருக்கும் இல்லை, ஆனால் பார்க்காமல் தெரியாது என்றார். என் மகனுக்கு முப்பத்திரண்டுதான் என்றேன். வயசை நம்பி உட்காராதீங்க என்றார். மாத்திரை ஆரம்பித்துவிட்டேன், ஒன்றுகூட விடவில்லை. என் ஈசிஜியை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நீயும் ஈசிஜியும் சுகரும் பார்த்து அந்தத் தாளை போட்டோ எடுத்து அனுப்பு. எல்லாம் ஃபர்ஸ்ட் கிளாஸ்மி என்று வாயால் சொல்லாதே, தாளில் இருக்கிற பேரும் தேதியும் லுப்னா படித்துச் சொல்வாள். உப்பைக் குறை, அந்த ஊர்க் காப்பிக்குச் சக்கரை ஜாஸ்தி போடாதே.

மாடி ஏறும்போது உன்னோடு கூட வந்து எத்தனை இடத்தில் நிற்கிறாய் என்று எண்ணி எனக்குச் சொல்லும்படி சமீருல்லாவிடம் சொல்லியிருக்கிறேன், அவனிடம் கோபப்படாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுசும் சுகமும் தருவானாக. என் தொழுகையில் உன் பேர் இல்லாத வேளை கிடையாது.

வேலூரில் எனக்கு நெஞ்சுக்கு எக்கோ ஸ்கேன் எடுக்க வருகிற புதன்கிழமைக்குப் பேர் கொடுத்தாயிற்று, தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார். உன் தாள் வராமல் நான் பஸ் ஏற மாட்டேன்.

உன் அம்மி
ஜஹீருன்னிசா