அழிக்க மறந்த சீட்டாட்டம்

9.3.1997, ஞாயிறு, காலை 10.40. பயிற்சி கொடுத்தது பதினைந்து நாள், உட்கார்ந்தவர்கள் ஒன்பது பேர், தேறியது ஒருத்தி.

அன்பு வாலுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், ஹாஸ்டலில் உன் இருமல் நின்றதா, மருந்தை ஜன்னல் வழியே கொட்டாமல் குடிக்கிறாயா, உண்மையை எழுது.

அம்மா ஆபீஸில் கம்ப்யூட்டர் போடுகிற வேலை எங்கள் கம்பெனிக்கு வந்து, அங்கே இருக்கிற ஒன்பது பேருக்கும் சொல்லிக்கொடுப்பது என் தலையில் விழுந்தது. ஒவ்வொரு மெஷினிலும் கூடவே வருகிற சீட்டு விளையாட்டை முதல் நாளே அழித்தேன், வேலை நேரத்தில் என்ன சீட்டாட்டம் என்று. அப்புறம் மவுஸைக் கொடுத்தால், மேஜை ஓரம் வந்ததும் அம்மா அதை அந்தரத்தில் தூக்கி நகர்த்துகிறாள், தபால் பிரிவுக்காரர் இரண்டு கையாலும் பிடிக்கிறார், பட்டனை அழுத்தியபடியே இழுங்கள் என்று நூறு தடவை சொன்னாலும் எல்லாரும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். என் பொறுமை எவ்வளவு என்று உனக்குத் தெரியும், உனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த லட்சணத்தைப் பார்த்தவள்தானே. புதன்கிழமை அம்மா ஆபீஸ் மேனேஜரிடம் அறிக்கை கொடுத்துவிட்டேன், ஒன்பது பேருக்கும் வராது என்று. வராதவர்களை வேறு ஊர்க் கிடங்குக்கு மாற்றப்போகிறார்கள் என்று தெரிந்தேதான் எழுதினேன். பெண்டாட்டிக்குச் சலுகை என்று யாரும் பேசக்கூடாதே, அம்மா பெயரை முதலில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் அம்மா மூலை மெஷினில் சீட்டாடிக்கொண்டிருந்தாள், அந்த ஒன்றில் அழிக்க மறந்திருக்கிறேன். இதற்கா சம்பளம் என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவள் ஆட்டத்தை மூடிவிட்டு அன்றைய கடிதங்கள் பதினெட்டையும் ஒவ்வொன்றாக இழுத்து அதனதன் ஃபோல்டரில் போட்டாள், ஒன்றுகூட நழுவவில்லை. அப்புறம்தான் திரும்பினாள். "நான் தப்பா வச்சா நீங்க கத்துவீங்க. சீட்டு பேசாம பழைய இடத்துக்குப் போயிடும், நான் மறுபடி எடுப்பேன்" என்றாள்.

நேற்றுப் பகல் முழுக்க இதே யோசனை. கறுப்புச் சீட்டின் மேல் சிவப்பை இழுத்து வைப்பதும் கடிதத்தை ஃபோல்டரில் போடுவதும் ஒரே கைவேலை, அதை விளையாட்டு என்று சொல்லிக் கொடுத்தால் கைக்குப் பயம் வருவதில்லை. நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தவனுக்கு இது தோன்றவில்லை. இப்போது அம்மா பெயரை மட்டும் எடுத்தால் சலுகை என்பார்கள், மற்ற எட்டுப் பேரும் அவள் முகத்தில் முழிக்கமாட்டார்கள், எடுக்காவிட்டால் அவளும் கிடங்குக்குப் போகவேண்டியதுதான்.

நீயும் தோழிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது முறைக்காதே, அந்த முறைப்பு என்னிடமிருந்து வந்தது. நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி நல்லபடியாக இரு கண்ணு, போர்வையை வெயிலில் போட மறக்காதே. நாளை முதல் நான் செய்யப்போவது:

1. ஒன்பது மணிக்கு மேனேஜரிடம், தேறாதது அவர்கள் இல்லை, சொல்லிக்கொடுத்தவன்தான் என்று எழுதிக் கொடுத்து முழு அறிக்கையையும் திரும்பக் கேட்பது.
2. மற்ற எட்டு மெஷினிலும் சீட்டாட்டத்தைத் திரும்பப் போடுவது.
3. பதினைந்து நாள் கழித்து மறுபடி சோதனை. வேறு ஆள் நடத்தட்டும், நான் அந்த அறையில் இருக்கமாட்டேன்.
4. கத்தியது எல்லார் முன்னாலும், ஆகவே அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பதும் எல்லார் முன்னாலும்.

உன் அப்பா