ருமேனியாவா, ஹங்கேரியா

நிரோஜன்,

சோறு குக்கரில். பருப்புக் கறியை மைக்ரோவேவில் வைக்காதே, வெடித்துத் தெறிக்கும். சாப்பிட்டுவிட்டு அம்மாவோடு பேர்ண் கோயிலுக்குப் போ. நான் மாலை வகுப்புக்குப் போகிறேன்.

இங்கே சுவிஸில் மருத்துவத்துக்கு இடம் கிடைக்காத உன்னை ருமேனியாவுக்கு அனுப்புவதா, ஹங்கேரிக்கா என்று இன்று சாமி முன்னால் திருவுளச்சீட்டுப் போடுகிறார்கள். நீதான் எடுக்க வேண்டும். "உன்ர கையெழுத்துத்தான் வடிவு, நீ எழுது பிள்ளை" என்று அம்மா சீட்டுகளை என்னிடம் தந்தார்.

இரண்டு பல்கலைக்கழகத்தையும் தேடி, பாடத்திட்டத்தை ஒப்பிட்டுச் சொன்னதும் நான்தான். நீயோ, "எங்கயெண்டாலும் பரவாயில்லை அக்கா, வைஃபை இருந்தால் காணும்" என்றாய். எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது. இந்த வீட்டில் டொக்டராக வேண்டும் என்று முதலில் சொன்னவள் நான். பகலில் முதியோர் இல்லத்தில் வேலை செய்து, இரவில் பல்கலைக்கழக நுழைவுக்குப் படிப்பவளை ஒருவரும் கேட்கவில்லை.

அதனால் நீங்கள் கொண்டுபோகும் அர்ச்சனைத் தட்டில் மூன்றாவது சீட்டும் இருக்கிறது. அதில் என் பெயர். சரியா என்று தெரியாமல் இரண்டு தடவை வெளியே எடுத்தேன். திரும்பவும் வைத்துவிட்டேன்.

கதவைப் பூட்டத் திறப்பு சப்பாத்து அலுமாரிக்கு மேல்.

அக்கா

பி.கு.: என் சீட்டு வந்தால், "பிழையா வந்திட்டுது, இன்னொருக்கா எடு" என்பார் அம்மா. எடுக்காதே.